புத்தகத்தின் மேல் ஒரு சிங்கம்

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஒரு வருஷம் நிறைகிறது. வருஷாப்திகத்துக்கு வந்து எங்களோடு ஒரு வேளை இலையில் அமர்ந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்தச் சின்ன மலரைக் கொடுக்கிறோம். இதில் ஒரு கட்டுரை எழுதும்படி அக்காவின் மகன் சிரஞ்சீவி ரமணி என்னைக் கேட்டான். கொஞ்சம் அடக்கமாக எழுதும்படியும் சொன்னான். முயன்று பார்த்தேன். அக்காவை நினைத்தால் எனக்கு அடக்கம் வருவதில்லை, மூச்சுதான் வாங்குகிறது. அவருடைய கடைசிக் காலத்தில் இந்த ஊர் முழுவதும் அவர் பின்னால் ஆட்டோவில் ஏறி இறங்கியவள் நான். எழுபது வயதுக்கு மேல் அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைக்கும் என்று எந்த ஜோசியரும் சொன்னதில்லை.

அக்கா கரமனை ஆற்றங்கரைத் தெருவில் பிறந்தவர். வீட்டில் நாங்கள் இரண்டே பெண்கள், அவர் மூத்தவர். எங்கள் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கோவில் வேலைக்காக இந்த மலையாள மண்ணுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், அப்பாவுக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ். அக்கா மூன்றிலும் கெட்டிக்காரர், மூன்றிலும் சண்டை போடுவார். தெருவில் யார் வீட்டில் புதுப் புத்தகம் வந்தாலும் மூக்கில் வியர்த்து அங்கே போய் நிற்பார். முதலில் முகர்ந்து பார்ப்பார், அப்புறம்தான் படிப்பார்.

கல்யாணமாகி அவர் போன இடம் போனக்காடு. மலைமேல் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் அத்திம்பேருக்கு உத்தியோகம். மழையும் அட்டையுமாக இருந்த அந்த இடத்தைப் பற்றி அக்கா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அத்திம்பேர் தங்கமான மனிதர். அவரைக் காய்ச்சல் கொண்டுபோனபோது ரமணிக்கு நடக்கக்கூடத் தெரியாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நாங்கள் எல்லோரும் அழுதோம். அவர் அழவில்லை. அப்பாவிடம் மேலே படிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அப்பா மறுநாளே விண்ணப்பத்தோடு கிளம்பினார். அக்கா நூலகர் படிப்புப் படித்து, இந்த ஊரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பணி ஓய்வு வரை அங்கேயே இருந்தார். ரமணியை எஞ்சினியர் ஆக்கினார். சுருக்கமாகச் சொன்னால் இதுதான் வாழ்க்கை வரலாறு. ஆனால் அக்காவின் உயிர் இருந்த இடம் வேறு.

நூலகத்தில் ஒரு நாள், நைந்துபோன புத்தகங்களைக் கழித்துக் கட்டும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு. அக்கா எடுத்து அடுக்கியபோது ஒன்றைக் கவனித்தார். நோஞ்சானாக இருந்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் லண்டனில் அச்சானவை. தாள் பழுத்து முறுமுறுவென்று இருந்தது. எழுத்து பொடி. ஓரத்தில் கட்டைவிரல் வைக்கக்கூட இடம் விடவில்லை. ஓர் அத்தியாயம் முடிந்த பக்கத்திலேயே அடுத்தது தொடங்கியது. அட்டை அப்பளம் போல் இருந்தது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஒரு சின்ன முத்திரை: ஒரு புத்தகம், அதன் மேல் ஒரு சிங்கம். போர்க்காலச் சிக்கன விதிப்படி தயாரிக்கப்பட்டது என்று கூடவே இங்கிலீஷில் எழுதியிருந்தது. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் நுழைந்த வேகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு இரண்டாம் உலகப் போர்தான் தொட்டுக்கொள்ள. பிரிட்டனுக்குத் தாள் செய்யும் மரக்கூழ் நார்வே, ஸ்வீடன் பக்கமிருந்து வரும், ஒரு வகைப் புல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வரும். போர் வந்ததும் இரண்டு வாசலும் அடைபட்டன. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் இங்கே ரேஷன் என்றால் அங்கே தாளுக்கும் ரேஷன். பதிப்பாளர் ஒவ்வொருவரும் போருக்கு முன் எவ்வளவு வாங்கினாரோ அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். அந்தப் பங்கும் தேய்ந்து தேய்ந்து பாதிக்கும் கீழே போனது. குண்டு விழுந்து லண்டன் கிடங்குகளில் லட்சக்கணக்கான புத்தகங்கள் எரிந்தன. எரிந்ததைத் திரும்ப அச்சிடத் தாள் இல்லை. பைண்டு செய்கிறவர்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருக்கும் பழைய புத்தகங்களைக் கூழாக்கக் கொடுங்கள் என்று தெருத்தெருவாகக் கேட்டார்கள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அக்கா சாதத்தில் கை வைத்தபடியே நிறுத்திவிடுவார். ரசம் ஆறிப்போகும்.

இதில் வேடிக்கை, அந்த நாளில்தான் அங்கே ஜனங்களுக்குப் படிக்கும் பசி அதிகமாகியிருந்தது. விளக்கை மறைத்துக்கொண்டு வீட்டிலேயே அடைந்து கிடந்தவர்கள் என்ன செய்வார்கள்? அச்சிட்டதெல்லாம் சூட்டோடு விற்றுப்போனது. உள்ளூர்க்காரர்களுக்கே பற்றாத புத்தகத்தைக் கடல் கடந்து அனுப்புவதா வேண்டாமா என்று பதிப்பாளர்களுக்குத் திண்டாட்டம். அனுப்பாவிட்டால் இத்தனை வருஷம் கட்டிக் காத்த சந்தையை அமெரிக்கக்காரன் பிடித்துக்கொள்வான். அனுப்பினால் கப்பலில் இடம் இல்லை, இடம் கிடைத்த கப்பலும் கரை சேரும் என்று நிச்சயம் இல்லை. போர் முடிந்த பிறகும் சில வருஷங்கள் அந்தத் தாள் ரேஷன் ஓயவில்லை. இந்தியாவிலிருந்து போன ஆர்டர்களுக்குப் பாதி நேரம் "அச்சில் இல்லை" என்றுதான் பதில் வந்தது.

அப்படி வராமல் போன புத்தகம் ஒன்றின் கதையை அப்பா எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருந்தார். நாங்கள் அதை வெறும் கதையாகத்தான் கேட்டோம். போர்க்காலத்தில் அப்பா இங்கே கல்லூரியில் ரசாயனம் படித்தார். பாடப்புத்தகம் லண்டனிலிருந்து வர வேண்டும். முந்தின வகுப்புக்காரர்கள் ஆளுக்கு ஒரு புதுப் புத்தகம் வாங்கியிருந்தார்கள். அப்பாவின் வகுப்புக்கு மொத்தம் ஒரே ஒரு பிரதி வந்தது. கரமனையிலும் இந்த ஊர்க் கோட்டைக்குள்ளும் இருந்த ஆறு பையன்கள் சேர்ந்து அதை வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் பரீட்சைக்குள் யாருக்கும் முடியாது. அப்பாதான் பிளேடை எடுத்துத் தையலை வெட்டிப் புத்தகத்தை ஆறு பகுதியாகப் பிரித்தார். சரஸ்வதியை அறுக்கிறாயே பாவி என்று பாட்டனார் கத்தினாராம். மறுநாளிலிருந்து தினமும் விடியற்காலையில் ஆற்றுப் படித்துறையில் ஒருவர் பகுதி அடுத்தவர் கைக்குப் போகும். நடுவில் ஆற்றில் வெள்ளம் வந்து கொஞ்ச நாள் யாரும் வெளியே வர முடியவில்லை. அப்போது அப்பாவிடம் இருந்தது உப்புகளைப் பற்றிய பகுதி. அதனால் தனக்கு ஆயுள் முழுக்க உப்பு மட்டும் நன்றாக வரும், அமிலம் வராது என்று அப்பா சிரிப்பார்.

பரீட்சை முடிந்ததும் திரும்பத் தைக்கலாம் என்று நினைத்தார்கள். அதற்குள் ஆளுக்கு ஒரு திசையில் வேலை. அவரவர் கையில் இருந்த பகுதி அவரவரோடு போயிற்று. அப்பாவிடம் இருந்தது நாலாவது பகுதி. அப்பா போன பிறகு அதை எடுத்துப் பார்த்த அக்கா, தாளைத் தடவினார், ஓரத்தைப் பார்த்தார், என்னைக் கூப்பிட்டார்.

"இது சிங்கம் போட்ட புஸ்தகம்டி. நான் சத்தியம் பண்ணுவேன். ஆனா சிங்கம் முதல் பகுதியிலன்னா இருக்கும். அது எங்கே இருக்கோ."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஆறு பகுதியையும் ஒரு தடவையாவது ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் ஒரே ஆசையாகிவிட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு வேறு வேலையும் இல்லை. அப்பாவின் நண்பர்களுடைய பிள்ளைகளை, பேரன்களை ஒவ்வொருவராகத் தேடினார். கல்யாண வீடுகளில் சாப்பிட வந்தவர்களைச் சாப்பிட விடாமல் விசாரித்தார். நாகர்கோவிலில் ஒன்று அரிசி டின்னுக்கு அடியில் கிடைத்தது. சென்னையில் ஒருவர் வீட்டு அலமாரியில் பழைய பஞ்சாங்கங்களோடு ஒன்று இருந்தது. இப்படி வருஷக் கணக்கில் அலைந்து, அப்பாவுடையதோடு சேர்த்து ஐந்து பகுதிகள் எங்கள் கரமனை வீட்டில் சேர்ந்துவிட்டன. கொடுத்தவர்கள் எல்லோரும், "இந்தக் குப்பைக்கா மாமி இவ்வளவு தூரம் வந்தேள்?" என்றுதான் கேட்டார்கள்.

கிடைக்காதது முதல் பகுதி. அது இல்லாததால் புத்தகத்தின் பெயரே எங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் அது எப்போதும் "வெள்ளைக்காரன் புஸ்தகம்"தான். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ரசாயனப் பேராசிரியர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, இது லண்டனே இல்லை, இங்கேயே யாரோ மலிவாக அச்சடித்த சரக்கு என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து அக்கா அவர் வீட்டுப் பக்கம் பார்த்து நடப்பதில்லை. முதல் பகுதியைக் கொண்டுபோனவர் கோட்டைக்குள் இருந்த மணி என்பவர். வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களிலேயே இறந்துவிட்டார், அவருடைய மனைவி கைக்குழந்தையோடு அம்பாசமுத்திரத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார் என்பது வரை தெரிந்தது. அதற்கு மேல் ஒரு தடயமும் இல்லை.

இந்த நிலையில்தான் அக்காவுக்கு நோய் என்று தெரிந்தது. டாக்டர் ரமணியிடம் தனியாகச் சொன்னார். அக்கா கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், தன்னிடமே சொல்லும்படி கேட்டார். அடுத்த நவராத்திரி பார்ப்பேனா என்று விசாரித்தார். இந்த நவராத்திரியைப் பாருங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அக்கா என்னிடம் சொன்னது, முதல் பகுதியை இனி வேகமாகத் தேட வேண்டும் என்பதுதான். நான் அன்று ஆட்டோவில் அழுதேன். அவர் டிரைவரிடம் மலையாளத்தில் குறுக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த நவராத்திரியில் உடம்பைப் பற்றிக் கவலைப்படாமல் அக்கா ஒரு கொலுவைக்கூட விடவில்லை. புடவையைக் கட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் வாசலில் நிற்பார். கிழக்கேகோட்டையில் ஒரு தெருவுக்கு விசாலம் மாமி என்று ஒருவர் புதிதாகக் குடி வந்திருந்தார். பஜனை மடத்தில் பழக்கமாகி எங்களை வெற்றிலை பாக்குக்கு அழைத்திருந்தார். எங்கள் வயதுதான் அவருக்கும். மகன் துபாயில். வீட்டில் கொலு சின்னதுதான், நேர்த்தியாக இருந்தது. நான் சுண்டலில் கவனமாக இருந்தேன். அக்கா படிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கலசத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டில் தைத்துவைத்த ஒரு பொட்டலத்தைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். அம்பாள் ஸ்தோத்திரப் புத்தகம், மாமனாருடையது என்றார் மாமி. மாமனார் போன பிறகு அவருடைய பெட்டியில் கிடைத்ததாம். மாமியார் அதைப் பட்டில் வைத்துத் தைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் இட்டுப் பூஜை செய்து வந்தாராம். பிரித்துப் படிப்பதில்லையா என்று அக்கா கேட்டார்.

"எங்க மாமியாருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனா உள்ள புஸ்தகத்து மேல சிம்மம் இருக்கறதைப் பாத்திருக்கா. சிம்மம் அம்பாளோட வாகனம், புஸ்தகம் சரஸ்வதி. ரெண்டும் சேந்து ஒரு எடத்துல இருந்தா வேற என்னவா இருக்கும், சொல்லுங்கோ? அதைப் பிரிக்கப்படாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

அக்காவின் கையிலிருந்த சுண்டல் அப்படியே நின்றது. மாமனாரின் பெயரைக் கேட்டார். மணி. எங்கே படித்தார்? இங்கேதான், இந்தக் கோட்டைக்குள்ளிருந்துதான் கல்லூரிக்குப் போனார், அந்த ஞாபகத்தில்தான் மகன் இந்தத் தெருவில் வீடு வாங்கித் தந்தான் என்றார் மாமி. நான் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். யார் யாரைத் தாங்கினோம் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, எப்படியோ சிரித்துப் பேசி, வெளியே வந்துவிட்டோம். தெருமுனையில் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். இரண்டு கிழவிகள் நடுத்தெருவில் குதிப்பதைப் பார்த்துப் பூக்காரி பயந்துபோனாள்.

இனி எப்படி வாங்குவது என்பதுதான் கேள்வி. நான் ஒரு யோசனை சொன்னேன். விஷயத்தைச் சொல்ல வேண்டாம். பட்டு பழசாகிவிட்டது, புதுப் பட்டு மாற்றித் தருகிறோம் என்று வாங்கி, பார்த்துவிட்டுத் திரும்பத் தைத்துக் கொடுத்துவிடலாம். அக்கா என்னை முறைத்தார்.

"அவா பூஜை பண்ற வஸ்துவை நான் ஏமாத்தி வாங்குவேனோ? நேரே போய்ச் சொல்லுவேன். தந்தா தரட்டும், கேட்டியா."

மறுநாளே போனோம். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். தாள் ரேஷன், ஒரே பிரதி, பிளேடு, படித்துறை, சிங்க முத்திரையின் அர்த்தம், தன் நோய் உட்பட. அக்கா சொன்னதைக் கேட்டு நானே இரண்டாம் தடவை உருகினேன். மாமியின் முகம் மட்டும் இறுகிக்கொண்டே போயிற்று.

"இருபத்தோரு வயசுல தாலி இழந்தவ எங்க மாமியார். ஆயுசு முழுக்க அந்தப் பட்டு முன்னாடி ஒக்காந்துண்டிருந்தா. அது ரசாயனப் புஸ்தகம்னு நீங்க சொல்றேள். அப்போ அவ பண்ணதெல்லாம் என்ன?"

மாமி உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலம் பூஜை வைப்பு. ஊரில் எல்லா வீட்டிலும் புத்தகங்கள் பூஜைக்குப் போகும், விஜயதசமி காலை வரை யாரும் எதையும் தொடவோ படிக்கவோ கூடாது. எங்கள் வீட்டிலும் ஐந்து பகுதிகளையும் பூஜையில் வைத்தோம். கோட்டையில் பட்டுக்குள் ஒன்று, கரமனையில் பட்டில்லாமல் ஐந்து. அடுத்த நவராத்திரி தனக்கு இல்லை என்று தெரிந்தவர் அந்த அஷ்டமியும் நவமியும் எப்படித்தான் பொறுத்தாரோ. புத்தகத்தையும் தொட முடியாது, போனையும் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. மாமியைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். நானே கைபரபரத்துப்போய் இரண்டு நாளும் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

விஜயதசமி அன்று விடிந்ததும் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. விசாலம் மாமி இறங்கினார். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்திருந்தார். இரண்டு கைகளிலும் அந்தச் சிவப்புப் பட்டு. ஆட்டோக்காரருக்குச் சில்லறை எடுக்கக்கூடக் கீழே வைக்க மாட்டேன் என்று நின்றார், நான் ஓடிப்போய்க் கொடுத்தேன். உள்ளே வந்து பூஜை அறையில் எங்கள் ஐந்து பகுதிகளுக்குப் பக்கத்தில் அதை வைத்தார். பிறகுதான் பேசினார்.

"ரெண்டு நாளா யோசிச்சேன். எங்க மாமியார் பூஜை பண்ணது சிம்மத்தை இல்லை, எங்க மாமனாரை. அவர் தொட்ட வஸ்து வேற ஒண்ணும் அவ கையில இல்லை. எனக்கு இப்பத்தான் மனசிலாச்சு. பிரியுங்கோ."

பூஜையில் வைத்த புத்தகங்களை எடுப்பதற்கான புனர்பூஜையை முடித்தோம். தையலை நான்தான் வெட்டினேன். பட்டுக்குள் பட்டு, அதற்குள் ஒரு வெள்ளைத் துணி, அதற்குள் பழுத்த தாள். அப்பளம் போன்ற அட்டையின் ஒரு பாதி. தலைப்புப் பக்கத்தில் புத்தகத்தின் பெயர், லண்டன் பதிப்பாளர் பெயர், எல்லாம் இருந்தன. அக்கா தாளை உடையாமல் மெதுவாகத் திருப்பினார். பின்புறத்தில், குங்குமம் கசிந்து சிவந்த ஒரு மூலையில், புத்தகத்தின் மேல் சிங்கம்.

அக்காவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அத்திம்பேர் போனபோது அழாதவர் அவர். மாமி குனிந்து சிங்கத்தைப் பார்த்து, மாமியார் பொய் சொல்லவில்லை என்றார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்றும் கேட்டார். தாள் இல்லாத காலத்தில், குறைந்த தாளில், விதிக்குக் கட்டுப்பட்டு அச்சடித்தது என்று அக்கா விளக்கினார். அப்படியானால் இது அம்பாளின் சிம்மம் இல்லைதானே என்று மாமி மெதுவாகக் கேட்டார்.

"ஊரே பத்தி எரியறச்சே, காயிதம் கிடைக்காத பஞ்சத்துல, புஸ்தகத்து மேல ஏறி ஒக்காந்து அதைக் காவல் காத்த சிம்மம் மாமி. எந்த அம்பாளோடதுன்னு நீங்களே சொல்லுங்கோ."

மாமி சிங்கத்துக்குக் குங்குமம் வைத்தார்.

விஜயதசமி காலையில் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் படிக்க வேண்டும் என்பது வழக்கம். அன்று எங்கள் வீட்டில் ஆறு பகுதிகளையும் வரிசையாக ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினோம். ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கியது, பாதியில் அறுந்த வாக்கியங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. அக்கா முதல் பக்கத்தைப் படித்தார். ரமணி பெங்களூரிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தான். படித்து முடித்ததும் அக்கா செய்த முதல் காரியம், தலைப்புப் பக்கத்தை என் போனில் படம் பிடிக்கச் சொல்லி ரசாயனப் பேராசிரியருக்கு அனுப்பியது. அவர் சற்று நேரத்தில் நேரிலேயே வந்து, ஒரு கும்பிடு போட்டு, பாயசம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கிளம்பும்போது மாமி முதல் பகுதியை எங்களிடமே விட்டுப் போவதாகச் சொன்னார். அக்கா தலையசைத்து மறுத்தார். எத்தனையோ வருஷமாக ஊர் ஊராக அலைந்து சேர்த்த ஐந்து பகுதிகளையும் எடுத்து, அதே பட்டில் ஆறையும் சேர்த்துச் சுற்றி, மாமியின் கையில் கொடுத்தார். நூலகத்துக்குத் தருவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதைக் காப்பாற்றியது நூலகம் இல்லை, மாமியுடைய மாமியாரின் பூஜைதான் என்றார் அக்கா. ஒரே ஒரு நிபந்தனை: இனிமேல் தைக்கக் கூடாது.

அதன் பிறகு அக்கா நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக காலம் இருந்தார். கடைசி வாரங்கள் ஆஸ்பத்திரியில். வலி இருந்தது, மருந்தில் பாதி நேரம் மயக்கம். விசாலம் மாமி தினமும் கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வருவார். ஒரு நாள் பட்டை எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, பட்டைப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். மாமிக்கு ரசாயனம் தெரியாது. பழைய பள்ளிக்கூட இங்கிலீஷில், ஸ்தோத்திரம் சொல்கிற அதே ராகத்தில், ஒரு வார்த்தை விடாமல் படித்தார். அமிலம், காரம், வாயு எல்லாம் அந்த ராகத்தில் வந்தன. அக்காவின் முகத்தில் வலி தளர்வதை நான் பார்த்தேன். தினம் கொஞ்சம் கொஞ்சமாக நாலாவது பகுதிக்கு வந்தார்கள். அப்பாவின் உப்புகள். அங்கே அக்கா கண்ணைத் திறந்து, இதை இன்னொரு தடவை என்று சைகை காட்டினார். மாமி இன்னொரு தடவை படித்தார்.

அப்போது ஊசி போட வந்த நர்ஸ் பெண் கொஞ்ச நேரம் கைகட்டி நின்று கேட்டுவிட்டு, மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி, எந்த ஸ்தோத்திரம் என்று மலையாளத்தில் விசாரித்தாள்: "இது ஏது ஸ்தோத்ரமா, அம்மே?"

மாமி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அம்பாளோடது."

அக்கா சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் கடைசி. மறுநாள் விடியற்காலையில், ஐந்தாவது பகுதி தொடங்குவதற்குள், போய்விட்டார்.

அக்காவைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், எங்களை நேரங்காலம் பார்க்காமல் ஏற்றிச் சென்ற தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டு சகோதரர்களுக்கும், தோள் கொடுத்த கரமனைத் தெருக்காரர்களுக்கும், அரிசி டின்னையும் அலமாரியையும் திறந்து பகுதிகளைத் தந்த குடும்பங்களுக்கும், தோற்றும் முகம் கோணாமல் பாயசம் சாப்பிட வந்த பேராசிரியருக்கும் எங்கள் நமஸ்காரம். விசாலம் மாமிக்கு நன்றி என்று எழுதப் போனபோது அவர் எங்களை அடித்துவிடுவார் என்று ரமணி சொன்னதால் எழுதவில்லை.

வருகிற விஜயதசமி காலையில் கிழக்கேகோட்டையில் மாமியின் வீட்டில் பட்டைப் பிரிக்கிறோம். வர முடிந்தவர்கள் எல்லோரும் வந்து ஆளுக்கு ஒரு பக்கம் படிக்கலாம், ரசாயனம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஐந்தாவது பகுதியிலிருந்து தொடங்குவோம். அக்கா அது வரைதான் கேட்டிருக்கிறார்.